இரவு பத்து மணிக்கு மேல்: பார் சத்தத்தைக் குறைக்க நாம் செய்ய வேண்டியவை

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இன்று நான் பேசப்போகும் விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரதான சாலையில் இருக்கும் ஓட்டலின் மொட்டை மாடி பார். வெள்ளி, சனி இரவுகளில் அங்கிருந்து வரும் சத்தம். முன்பக்க பிளாக்கில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் மிகைப்படுத்தலாகக்கூடத் தோன்றலாம். பின்பக்கம் படுக்கையறை உள்ளவர்களைக் கேளுங்கள். பாட்டே கேட்காது, ஆனால் ஜன்னல் கண்ணாடி மட்டும் 'டும் டும்' என்று அதிரும் என்பார்கள்.

நம் குடியிருப்பில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு டியூட்டிக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை விழித்துவிட்டால் மறுபடி தூக்கம் வராத பெரியவர்கள் இருக்கிறார்கள். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. 30 டெசிபல் என்பது ஏறக்குறைய காதோரம் கிசுகிசுக்கும் அளவு.

நம் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் எழுதியது எதுவும் எந்த அலுவலகத்தின் கோப்பிலும் ஏறவில்லை. ஏற வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் புகார் குடியைப் பற்றியது அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்த இடத்தில் மது விற்கலாமா, கூடாதா என்பது நம் புகார் அல்ல. அதைப் பற்றி நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். நம்மில் சிலர் அங்கே போய்ச் சாப்பிடுகிறவர்களாகவும் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் மனுவில் "குடிகாரர்கள் தொல்லை", "கலாசாரச் சீரழிவு" என்று எழுதிவிட்டால், அதை வாங்கும் அதிகாரி ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அவர்களிடம் உரிமம் இருக்கிறது." அத்தோடு கதை முடிந்தது.

உரிமம் மது பரிமாறுவதற்குத்தான். நம் ஜன்னலை அதிரவைக்க யாருக்கும் உரிமம் கொடுக்கப்படவில்லை. ஆகவே நம் பேச்சு சத்தத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும். சட்டம் நம் பக்கம் உறுதியாக நிற்பது அங்கேதான்.

விதிகள் என்ன சொல்கின்றன

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல், இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55. இவை ஒரு நொடியில் வரும் உச்ச அளவு அல்ல, ஒரு கால அளவின் சராசரி. அதனால் ஒரே ஒரு லாரி ஹாரனை அளந்து காட்டிப் பயன் இல்லை. தொடர்ந்து வருவதுதான் கணக்கு.

தனியார் இடத்தில் இருக்கும் ஒலிக் கருவிகளுக்குத் தனி விதி உண்டு. அந்த இடத்தின் எல்லையில், அதாவது காம்பவுண்டுச் சுவர் அருகே, சத்தம் அந்தப் பகுதியின் அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. நம் பகுதி குடியிருப்புப் பகுதி என்றால் இரவில் அந்த எல்லையில் 50 டெசிபல்தான் உச்சம். வணிகப் பகுதி என்று கணக்கிட்டால் 60.

அப்படியானால் நம் இடம் எந்த வகை? இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். ஓட்டல் பிரதான சாலையில் இருக்கிறது, நாம் அதை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிலப் பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கிறது. நம் மனை, ஓட்டல் மனை இரண்டின் சர்வே எண்களையும் எடுத்து, அவை எந்த வகையில் வருகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கலப்புப் பகுதி என்று இருந்தால், அது எந்த ஒலி வகையில் வரும் என்று சொல்ல வேண்டியது அரசின் பொறுப்பு. அதையும் எழுத்தில் கேட்கலாம்.

அடுத்து, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. அரங்கம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்குள், உள்ளே இருப்பவர்களுக்காகப் பயன்படுத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஓட்டல்காரர்கள் இந்த விலக்கைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான்கு பக்கமும் சுவர் இல்லாத மொட்டை மாடி எப்படி மூடிய இடம் ஆகும் என்பது நம் கேள்வி. மூடிய இடம் என்றே வைத்துக்கொண்டாலும், எல்லையில் 5 டெசிபல் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

பண்டிகை, கலை விழாக்களுக்காக நள்ளிரவு 12 மணி வரை தளர்வு கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. வாராவாரம் நடக்கும் டி.ஜே. இரவை இதில் அடக்க முடியாது.

ஒலிபெருக்கி வைக்கவே எழுத்து மூலமான அனுமதி தேவை என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அந்த அனுமதி இருக்கிறதா என்பது நாம் கேட்க வேண்டிய முதல் காகிதம்.

நம்மைப் போன்ற ஒரு சங்கம்

"இதற்கெல்லாம் கோர்ட் வரை போக முடியுமா?" என்று கேட்பீர்கள். சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் போயிருக்கிறது. அவர்கள் வழக்கு பார் பற்றியது அல்ல, ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கியைப் பற்றியது. சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சலும் இருக்கிறதே என்ற பேச்சு அந்த வழக்கிலும் வந்தது. இருந்தும் ஒலிபெருக்கிச் சத்தத்தை அனுமதித்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சத்தம் வழிபாட்டிலிருந்து வந்தாலும் விதி விதிதான் என்றது தீர்ப்பு. வழிபாட்டுக்கே அப்படி என்றால் வியாபாரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

2005 ஜூலையில் ஒலி மாசு குறித்து உச்ச நீதிமன்றம் இன்னொரு விரிவான தீர்ப்பு கொடுத்தது. பேச்சுரிமை என்பது, கேட்க விரும்பாதவரையும் கேட்கவைக்கும் உரிமை அல்ல என்றும், அமைதியாக வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் அது சொன்னது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, ஒரு குடியிருப்போர் சங்கம் நின்றால் நிற்க முடியும். இரண்டு, "ரோட்டுச் சத்தம்தான் சார்" என்ற பதில் நமக்கும் வரும். அதற்கு இப்போதே தயாராக வேண்டும்.

'டும் டும்' ஏன் சுவரைத் தாண்டி வருகிறது

பாடகரின் குரலை நல்ல கதவும் கண்ணாடியும் பெருமளவு தடுத்துவிடும். பேஸ் ஒலியை அப்படித் தடுக்க முடியாது. 63 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீட்டர் அளவு இருக்கும். அது சுவரையும் தளத்தையும் அதிரவைத்துக்கொண்டே வரும். காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சில் தெரிகிறது என்று நீங்கள் சொல்வது கற்பனை அல்ல.

அளக்கும்போது இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டம் சொல்லும் அளவு 'ஏ' அளவுகோலில் எடுக்கப்படுவது. மனிதக் காதின் இயல்புக்கு ஏற்ப அது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் வரை கழித்துவிடும். அதனால் ஜன்னல் அதிரும்போதும் மீட்டர் சாதுவான ஓர் எண்ணைக் காட்டலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் அளக்க வரும்போது, 'ஏ' அளவோடு 'சி' அளவையும் எடுத்துப் பதிவு செய்யுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் தொல்லை பேஸில்தான் என்பது காகிதத்தில் வந்துவிடும்.

இன்னொன்று. டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு போல அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். 3 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சட்டென்று தெரியாது. "கொஞ்சம் குறைத்துவிட்டோம் சார்" என்று சொன்னால், எவ்வளவு என்று கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம்தான் நம் ஆயுதம்

சங்கம் ஒரு பதிவுத் தாள் தருகிறது. பின்பக்க வீடுகள் 15 இரவுகள் அதை நிரப்ப வேண்டும். எழுத வேண்டியவை இவ்வளவுதான்: தேதி. சத்தம் தொடங்கிய நேரம், நின்ற நேரம். எந்த அறை, ஜன்னல் திறந்ததா மூடியதா. என்ன சத்தம்: பேஸா, மைக்கில் பேச்சா, கூட்டத்தின் கூச்சலா, பாட்டில் கொட்டுவதா, ஜெனரேட்டரா, வண்டிகளின் ஹாரனா. வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு.

சத்தமே இல்லாத இரவையும் எழுதுங்கள். இது மிக முக்கியம். செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கும் சனிக்கிழமை இரவு 11 மணிக்கும் சாலை ஒன்றுதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். "ரோட்டுச் சத்தம்" என்ற வாதத்துக்கு நம் பதில் அதுதான்.

போனில் இருக்கும் டெசிபல் செயலியைப் பயன்படுத்தலாம். அது சட்டப்படியான சான்று ஆகாது, ஆனாலும் ஒப்பிட உதவும். ஒரே போன், ஒரே இடம், ஒரே உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. நள்ளிரவில் தனியாகக் கீழே போய்ச் சண்டை போடாதீர்கள். அங்கே வரும் வாடிக்கையாளர்களின், குறிப்பாகப் பெண்களின், முகத்தைப் படமெடுத்துப் பரப்பாதீர்கள். அப்படிச் செய்தால் நாம்தான் புகாருக்கு ஆளாவோம். அங்கே வேலை செய்யும் பையன்களைத் திட்டாதீர்கள். சவுண்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் கையில் இல்லை.

முதலில் ஓட்டலுடன் பேச்சு

பதிவுத் தாள்கள் சேர்ந்ததும், பகல் நேரத்தில், சங்கத்தின் சார்பில் மூன்று பேர் ஓட்டல் நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும். "சத்தத்தைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு வாரம்தான் தாங்கும். செய்ய வேண்டியதைப் பட்டியலாகக் கொடுப்போம்.

ஸ்பீக்கர்களை நம் பக்கத்திலிருந்து உள்பக்கம் திருப்புவது. சப்-வூஃபரை தளத்தில் நேரடியாக வைக்காமல் ரப்பர் தாங்கிகள் மேல் வைப்பது. இரவு 10 மணிக்கு மொட்டை மாடியில் இசையை நிறுத்தி, வேண்டுமானால் கதவு மூடிய உள் அரங்குக்கு மாற்றுவது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் போகாதபடி ஒலிக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்தி, அதைப் பூட்டி வைப்பது. டி.ஜே. ஆள் மாறினாலும் அளவு மாறாது. காலி பாட்டில்களை நள்ளிரவில் கொட்டாமல் காலையில் கொட்டுவது. வண்டி எடுத்துக் கொடுக்கும் ஊழியர்கள் ஹாரன் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் ஹாரன் அடிப்பதே விதிப்படி தடைதான். ஜெனரேட்டருக்கும் அளவு இருக்கிறது, அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல். கடைசியாக, இரவில் போன் செய்தால் எடுக்கிற ஒரு பொறுப்பான மேலாளரின் எண்.

இவற்றில் பாதிக்கு மேல் செலவே இல்லாதவை. பேசியதை அன்றே கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேட்காவிட்டால் எந்தக் கதவு

சத்தம் நடக்கிற நேரத்திலேயே 100 அல்லது 112-க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு பத்து முறை கூப்பிடுவதைவிட, பத்து வீடுகள் ஒவ்வொரு முறை கூப்பிடுவது பலன் தரும்.

அடுத்தது எழுத்து மூலமான மனு. ஒலி விதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரிகளில் காவல் ஆணையரும் மாவட்ட ஆட்சியரும் அடக்கம். அந்த விதிகளின் 7-ஆவது பிரிவுப்படி, அளவைவிட 10 டெசிபல் கூடுதலாக இருந்தால் புகார் செய்யலாம். இரவு நேரக் கட்டுப்பாடு மீறப்பட்டால், அந்த 10 டெசிபல் கணக்கு இல்லாமலேயே புகார் செய்யலாம். நம் மனுவில் இந்த இரண்டாவது வரியைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

அதன் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போக வேண்டும். அளவெடுக்கக் கோருவது அவரிடம்தான். இன்னொரு நகல் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு. ஓட்டல் பாருக்கு அவர்கள் கொடுப்பது எஃப்.எல். 3 உரிமம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும்போது கோப்பில் நம் மனுவும் அளவீட்டு அறிக்கையும் இருப்பது ஒன்று, எதுவுமே இல்லாதது வேறு. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் என்றால் போக வேண்டிய இடம் டாஸ்மாக் மாவட்ட மேலாளர். இந்த வித்தியாசம் தெரியாமல் மனு கொடுத்தால் மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். ஒலிபெருக்கி அனுமதி, உரிமத்தின் நகல், பார் நடத்த ஒப்புதல் தந்த வரைபடம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். அந்த வரைபடத்தில் மொட்டை மாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் நம் வேலை பாதி முடிந்த மாதிரி. மொட்டை மாடிக் கொட்டகைக்கு மாநகராட்சி அனுமதி உண்டா என்பது அடுத்த கேள்வி. மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாமல் ஒருவரின் சொந்தப் பெயரில் போடுங்கள். அந்தச் சட்டம் குடிமகனுக்குத்தான் உரிமை தருகிறது. 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அங்கே போவதானால் பிரச்சினை முதலில் எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாட்களைத் தள்ளினால் அந்தக் கதவு மூடிவிடும்.

நம் வீட்டுக் கதை

இனிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

நம் பார்ட்டி ஹாலிலும் மாடியிலும் பிறந்தநாள், சீமந்தம், புத்தாண்டு என்று விழாக்கள் நடக்கின்றன. ஸ்பீக்கர் வைக்கிறோம். பத்து மணிக்கு நிறுத்துகிறோமா? எல்லையில் 5 டெசிபல் என்ற விதி ஓட்டலுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். நம் சுவருக்கு அந்தப் பக்கம் தனி வீடுகள் இருக்கின்றன. அங்கேயும் குழந்தைகள் தூங்குகிறார்கள். அவர்கள் இதுவரை நம் மேல் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாம் மனு கொடுத்த மறுநாள் ஓட்டல்காரர்கள் நம் புத்தாண்டு வீடியோவைக் காட்டினால் நமக்குப் பேச வாய் இருக்காது.

ஆகவே மூன்று தீர்மானங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, வரும் வெள்ளிக்கிழமை முதல் 15 இரவுகள் சத்தப் பதிவு. இரண்டு, பிளாக்குக்கு ஒருவர் வீதம் ஒலிக் குழு. ஓட்டலுடன் பேசுவதும் மனுக்களைத் தொடர்வதும் அவர்கள் பொறுப்பு. மூன்று, நம் பார்ட்டி ஹாலிலும் மாடியிலும் இரவு 10 மணிக்கு இசை நிறுத்தம். யாருக்கும் விலக்கு கிடையாது, நிர்வாகக் குழுவினர் வீட்டு விசேஷமானாலும் சரி.

மூன்றாவது தீர்மானத்தில் கை தூக்கத் தயங்குகிறவர்கள் முதல் இரண்டிலும் கை தூக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் சேர்ந்தால்தான் நம் மனுவுக்குப் பலம்.

பதிவுத் தாள்கள் செக்யூரிட்டி அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்க வீடுகளில் இருப்பவர்கள் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே எழுதிக் கொடுத்து உதவுங்கள்.